இறுதி ஆட்டத்தின் இடைவேளை

நோரீன்: டார்சியை மறுபடி ஆட விட முடியாது, லயல். கதவைச் சாத்திட்டுக் கேட்டாலும் முடியாதுதான்.

லயல்: மெதுவா பேசு. பசங்க சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கானுங்க.

நோரீன்: கேட்கட்டுமே. பந்தைப் பிடிக்க எகிறினவன் தலையில எதிராளியோட முட்டி இறங்கியிருக்கு. டார்சி பத்து செகண்டு கட்டை மாதிரி கிடந்தான். நீயும்தான் பார்த்த.

லயல்: அஞ்சு செகண்டு. அப்புறம் அவனாவே எழுந்து நடந்து வந்தான்ல?

நோரீன்: நடந்தான். எதிர் டீம் பெஞ்சைப் பார்த்து.

லயல்: வெயில் கண்ல அடிச்சிருக்கும்...

நோரீன்: இன்னிக்கு யார்கூட ஆட்டம்னு கேட்டேன். பிந்தாராங்கறான்.

லயல்: அவன்கிட்ட நல்லா இருக்கறப்ப கேட்டாலும் இதையேதான் சொல்லுவான். ஸ்கூல்லயே அவன்...

நோரீன்: சிரிப்பு காட்டாத. பிந்தாராகூட ஆடினது போன வாரம். இன்னிக்கு ஆஷ்பி. சீசனோட இறுதி ஆட்டம், அவன் கேப்டன். அது அவனுக்குத் தெரியல, லயல்.

லயல்: எனக்குத் தெரியுதே! ரெண்டே ரெண்டு கோல்தான் முன்னால இருக்கோம், நம்ம ஆஸ்திரேலியன் ஃபுட்பால்ல அது அஞ்சு நிமிஷத்துல போயிடும். அவன் இல்லன்னா உயரத்துல வர்ற பந்தை எவன் பிடிப்பான்? முப்பத்தோரு வருஷமா இந்த ஊருக்குக் கோப்பை இல்ல. வெளிய எட்டிப் பாரு, வேலியோரம் அத்தனை காரும் நிக்குது. ஒவ்வொரு கோலுக்கும் ஹாரன் அடிச்சுத் தள்றாங்க.

நோரீன்: அவன் தலைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு ஹாரன் அடிப்பாங்க?

லயல்: உனக்கென்ன... நீ டாக்டர், நாளைக்குப் போய் கிளினிக்ல உட்கார்ந்துப்ப. கிளப் கமிட்டிக்கு முன்னால நிக்கப்போறவன் நான். மெல்போர்ன்ல நூத்தி எழுபது ஆட்டம் ஆடியிருக்கேன். கோச் ஆனதும் ரெண்டு டீம் பெட்டியைக் கட்டுன்னுடுச்சு. இன்னிக்குத் தோத்தா சொந்த ஊர்லயும் அதே கதைதான்.

நோரீன்: பெட்டியைக் கட்டச் சொன்னது தோத்ததுக்காகத்தானா?

லயல்: வேற எதுக்கு?

நோரீன்: காலையில டீம்கிட்ட பேசறப்ப டார்சியை மூணு தடவை கெவின்னு கூப்பிட்ட.

லயல்: வாய் தவறிடுச்சு.

நோரீன்: கெவின் உன்கூட ஆடினவன். செத்து ஒன்பது வருஷமாகுது.

லயல்: பசங்க சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. நீ எதுக்கு...

நோரீன்: பெத் சிரிக்கல.

லயல்: என் பொண்டாட்டி உன்கிட்ட வந்தாளா?

நோரீன்: யார் வந்தாங்க, வரலங்கறதை நான் வெளிய சொல்ல மாட்டேன்.

லயல்: அப்போ வந்திருக்கா.

நோரீன்: எட்டு நிமிஷம்தான் இருக்கு. போய் டீமைப் பாரு.

லயல்: உங்கப்பா இப்படியெல்லாம் நோண்டல, நோரீன். முப்பத்தோரு வருஷம் முன்னால இதே அறை, அவர்தான் டீம் டாக்டர். என் தலையிலயும் இதே மாதிரி அடி. நாலு தையல் போட்டார், முதுகுல தட்டினார், "ஓடுடா மைதானத்துக்கு"ன்னார். கடைசி கோல் நான் அடிச்சேன். கோப்பை வந்துச்சு. மெல்போர்ன் டீம்காரங்க அதைப் பார்த்துட்டுத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. அவர் ஆம்பளை. தைரியமா முடிவெடுத்தார்.

நோரீன்: கிளப் பார்ல இதை எத்தனை தடவை சொல்லியிருப்ப?

லயல்: நடந்ததைச் சொல்றேன். அதுல என்ன தப்பு?

நோரீன்: முதுகுல தட்டினாரா?

லயல்: ...ஆமா.

நோரீன்: இந்த ஊரே அந்தக் கதையைக் கேட்டுக் கை தட்டிச்சு. அப்பா மட்டும் எழுந்து வெளிய போயிடுவார். எதுக்குன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப என்னைக் கூப்பிட்டு...

லயல்: என்ன சொன்னார்?

நோரீன்: அன்னிக்கு இந்த அறையில...

டார்சி: கோச்! என்னை எதுக்குப் படுக்க வெச்சிருக்காங்க? எனக்கு ஒண்ணுமில்ல!

நோரீன்: சுவரைப் பிடிக்காம நின்னுட்டு அதைச் சொல்லு, பார்ப்போம்.

டார்சி: டாக்டர், ப்ளீஸ். என் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். எங்கம்மா வேலியோரம் உட்கார்ந்திருக்காங்க. ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல அவங்க...

நோரீன்: டார்சி, என்ன பண்ற? எழுந்திரு.

டார்சி: சரின்னு சொல்லுங்க. எழுந்திருக்கறேன்.

நோரீன்: மண்டி போட்டா தலை சரியாயிடுமா? எழுந்திரு முதல்ல.

டார்சி: கோச், நீங்க சொல்லுங்க! மெல்போர்ன்லேர்ந்து என்னைப் பார்க்க ஆள் வந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த ஒரு ஆட்டம்தான், கோச். இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?

நோரீன்: என் பதில் மாறாது, லயல். ஆனா அவன் என் பதிலுக்காகக் காத்திருக்கல. உன் வாயைத்தான் பார்க்கறான்.

டார்சி: கோச்? நீங்களும் அடிபட்டுட்டு ஆடினவர்தானே? அந்த டாக்டர் உங்களை விட்டாரே!

லயல்: விடல, டார்சி. அவரும் முடியாதுன்னுதான் சொன்னார். இதே மாதிரி மண்டி போட்டு, அவர் கையைப் பிடிச்சுட்டு அழுதேன். சரின்னு சொல்ற வரைக்கும் விடல. அப்புறம் நான்தான் கோல் அடிச்சேங்கறாங்க... பேப்பர்ல படம்கூட இருக்கு. எனக்கு அந்தப் பாதி ஆட்டத்துல ஒரு நிமிஷம்கூட ஞாபகமில்ல. இன்னிக்குக் காலையில இந்த மைதானத்துக்கு எப்படி வரணும்னு பெத்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். டீம் சட்டையைக் கழட்டு, தம்பி.