மேல் பலகையில் மூன்று பேர்

சைமி: மறுபடியும் முதல்லேருந்து சொல்லு. கொஞ்சம் சத்தமாடி.

இல்தா: ஒட்டுத்துணி இல்லாம இந்த சானா நீராவிக் குளியல் அறைப் பலகையில உட்கார்ந்து, சத்தமா பேசச் சொல்றே. ஊர்ல யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?

சைமி: நாளைக்குக் காலைல நடுவர் குழு முன்னாடி நிக்கப் போறோம். இங்கயே வாய் வரலைன்னா அங்க எப்படி வரும்? ம்… ஆரம்பி.

இல்தா: வணக்கம். நான் இல்தா. இவ சைமி. நாங்க… ஒரு கம்பி செஞ்சிருக்கோம்.

சைமி: ஒரு கம்பியா? ரெண்டு வருஷ உழைப்புடி!

இல்தா: சரி… ரெண்டு வருஷமா ஒரு கம்பி செஞ்சிருக்கோம்.

சைமி: கடவுளே…

இல்தா: ஏரி உறைஞ்சதும் அதை ஐஸ்ல சொருகி வைக்கணும். ஐஸ் கெட்டியா இருந்தா பச்சை விளக்கு, மெலிஞ்சா சிவப்பு. மேல நடக்கலாமா கூடாதான்னு தூரத்துலேருந்தே தெரிஞ்சுடும். பரவாயில்லாம வேலை செய்யுது.

சைமி: ‘பரவாயில்லாம’வை எடு. உலகத்துலயே சிறந்ததுன்னு சொல்லு.

இல்தா: உலகம் முழுக்க நான் போய்ப் பாக்கலையே.

சைமி: பின்லாந்துலயே சிறந்ததுன்னாவது சொல்லேன்!

இல்தா: வடக்கே லாப்லாந்துல எவனாவது செஞ்சு வெச்சிருந்தா?

சைமி: இல்தா… அரசாங்கம் புதுக் கண்டுபிடிப்புக்குன்னு ஒதுக்கின நிதி. ரெண்டு தடவை கேட்டோம், ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. நாளைக்கு மூணாவது. அதுக்கு மேல விண்ணப்பிக்கவே விடமாட்டாங்க. கிடைக்கலன்னா பட்டறையைப் பூட்டிட்டு நான் நார்வேல மீன் பெட்டி அடுக்கப் போவேன். நீ உங்க அக்கா வீட்டு மாடியில…

இல்தா: அக்கா வீட்டுக்கு மாடி கிடையாது.

சைமி: சொல்லுடி!

இல்தா: பின்லாந்துலயே… ஓரளவுக்குச் சிறந்த கம்பி.

ஹெல்லெவி: ஏம்மா… பனி கொட்டி மூடிட்டா விளக்கு எப்படித் தெரியும்?

சைமி: ஐயோ, மன்னிச்சுக்குங்க. மூலையில நீங்க இருக்கறதை… ஆவியில கவனிக்கல.

ஹெல்லெவி: பரவாயில்ல. என் பேரு ஹெல்லெவி. நானும் பேசாமத்தான் உட்கார்ந்திருந்தேன். காதை மூட முடியல.

இல்தா: விளக்கு ஆள் உயரத்துல இருக்கும்மா. அவ்வளவு சீக்கிரம் மூடாது.

ஹெல்லெவி: மூடிட்டா?

இல்தா: போனுக்கும் செய்தி போகும்.

ஹெல்லெவி: பேட்டரி? இந்தக் குளிர்ல காரே கிளம்ப மாட்டேங்குது.

இல்தா: எங்களுதும் செத்துதும்மா. போன குளிர்காலம்.

சைமி: இல்தா!

இல்தா: செத்துதுல்ல? செத்ததைச் செத்ததுன்னுதானே சொல்லணும். அப்புறம் பேட்டரியைக் கம்பியோட கீழ் நுனிக்கு மாத்தினோம். ஐஸுக்கு அடியில தண்ணி. வெளிய எவ்வளவு குளிர் அடிச்சாலும் அந்தத் தண்ணி உறையாது. பேட்டரி அங்க நிம்மதியா கிடக்கும்.

ஹெல்லெவி: அடியில வெச்சிட்டீங்களா… போன தடவை இது இல்லையே. போச்சு. வாயை விட்டுட்டேன்.

சைமி: போன தடவைன்னா…?

ஹெல்லெவி: நாளைக்கு உங்க முன்னாடி உட்காரப் போற அஞ்சு பேர்ல நான் ஒருத்தி. கண்ணாடி இல்லாம மூஞ்சி தெரியல. ஆனா கம்பின்னதுமே தெரிஞ்சுபோச்சு. அப்பவே எழுந்து போயிருக்கணும். கேள்வி வந்துட்டா எனக்கு இருப்புக்கொள்ளாது.

சைமி: அய்யய்யோ.

ஹெல்லெவி: அய்யய்யோதான். சேர்ந்து உட்கார்ந்து திட்டத்தைப் பத்திப் பேசியாச்சு. இனிமே நான் உங்களுக்கு ஓட்டுப் போடக் கூடாது. நாளைக்கு உங்க முறை வந்ததும் எழுந்து வெளிய போயிடுவேன். மிச்ச நாலு பேரே முடிவு பண்ணுவாங்க.

சைமி: அடப் பாவமே. சட்டம்னா சட்டம்தானே… என்ன செய்யறது.

இல்தா: ஆமா. ரொம்ப… வருத்தம்.

ஹெல்லெவி: வருத்தப்படுற குரல் மாதிரி இல்லையே.

சைமி: சூட்டுல தொண்டை கட்டிடுச்சு.

இல்தா: சைமி… என்னால முடியலடி.

சைமி: வாயை மூடு.

இல்தா: பெருமையும் பேச வரல, பொய்யும் பேச வரல, நான் என்ன பண்ண? அம்மா, நாங்க தற்செயலா வரல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்க இங்க வருவீங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தோம்.

ஹெல்லெவி: ஓஹோ… என்னைக் கைக்குள்ள போட்டுக்கவா?

சைமி: இல்ல. வெளிய அனுப்ப.

ஹெல்லெவி: வெளியவா?

சைமி: எப்படியும் குட்டு உடைஞ்சுபோச்சு, சொல்லிடுறேன். ரெண்டு தடவையும் எங்களைக் குடைஞ்சு எடுத்தது நீங்க ஒருத்தர்தான். கேள்வி மேல கேள்வி. ஒரு சிரிப்பு கிடையாது. மத்த நாலு பேரும் தங்கமானவங்க. தலையாட்டினாங்க, சிரிச்சாங்க, அருமையான யோசனைன்னு கையைக் குலுக்கினாங்க. நீங்க மட்டும் அந்த அறையில இல்லன்னா…

ஹெல்லெவி: அடுப்புக் கல்லு மேல தண்ணி ஊத்தவா? ஆவி குறைஞ்சுட்டு வருது.

சைமி: ஊத்துங்க.

இல்தா: கோவமாம்மா?

ஹெல்லெவி: கோவமெல்லாம் இல்ல. இதை வெளிய சொல்லக் கூடாது… ஆனா நாளைக்குத்தான் நான் அந்த அறையில இருக்கப் போறதில்லையே.

சைமி: எதை?

ஹெல்லெவி: பிடிக்காத திட்டத்துக்கு நான் எதுக்கும்மா கேள்வி கேக்கப் போறேன்? கையைக் குலுக்கின நாலு பேரும் வேண்டாம்னாங்க. ரெண்டு தடவையும் வேணும்னு எழுதினது… நான் ஒருத்திதான்.