தண்ணீர் நேரம் மட்டும்

காலையில் கண் விழித்தவுடன் நாலு பேருக்கு வணக்கம் சொல்வது நல்ல பழக்கம் என்றே நான் இன்றும் கருதுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவை நடத்திவந்தவன் நான். நாள்தோறும் ஒரு பூப்படமும் ஒரு நல்வாக்கும் அனுப்புவேன். தண்ணீர் வரும் நேரம், லிஃப்ட் பழுது, சாவுச் செய்தி யாவும் அதில்தான் வரும். எவரும் எவர் வீட்டுக் கதவையும் தட்டித் தொந்தரவு செய்யலாகாது, எதுவாயினும் குழுவில் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்தவனும் நானே. அதனை அனைவரும் வரவேற்றனர்.

முதல் மாடியில் ஒரு தையற்காரப் பெண் தனியே குடியிருந்தார். ஒருநாள் என் படத்தின் கீழ் அவர் எழுதினார்: "ஐயா, உங்க ரோஜாப்பூவ அழிக்கிறதுக்கே தனியா ஒரு ஆளு போடணும் போலருக்கு. தண்ணி எப்ப வரும்னு மட்டும் போடுங்க, புண்ணியமாப் போகும்."

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. என் மருமகளும் ஒன்று இட்டிருந்தாள். கேட்டதற்கு, "விளையாட்டுக்குச் சொன்னாங்க மாமா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?" என்றாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. புதிய குழு ஒன்றைத் தொடங்கி, அப்பெண்ணைத் தவிர மற்றெல்லாரையும் அதில் சேர்த்தேன். பழையதிலிருந்து விலகிவிடுமாறும் கேட்டுக்கொண்டேன். விலகினார்கள். பழைய குழுவில் அவரும் நானுமே எஞ்சினோம். உறுப்பினர் பட்டியலை யார் திறந்து பார்க்கிறார்கள்? அவர் விரும்பியவாறே பூவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் நேரத்தை மட்டும் அதில் தவறாமல் இட்டுவந்தேன்.

அப்பெண்ணின் எதிர்வீட்டு அம்மாளின் தகப்பனார் ஊரில் காலமானார். செய்தி புதிய குழுவில் வந்தது. திரும்பி வந்த அம்மாள் படிக்கட்டில் என்னிடம் பொருமினார்: "வாசலுக்கு வாசல் ரெண்டு எட்டு. எங்கப்பா செத்ததுக்கு ஒரு வார்த்த கேக்கல. எல்லாத்தயும் பாத்துட்டுக் கல்லு மாதிரி இருக்கா. இனி அவ மூஞ்சில முழிக்கமாட்டேன்."

நான் மறுத்துரைக்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. நாளடைவில் அப்பெண்ணுடன் ஒருவரும் பேசாதாயினர்.

பின்னர்த் தரைத்தளக் கிடங்கில் எலித்தொல்லை பெருகவே, நச்சுப்புகை மருந்து வைக்க ஏற்பாடாயிற்று. மருந்து வைப்பவர் கண்டிப்பானவர். "கீழ்வீடு, மொத மாடி ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் காலியா இருக்கணும். ஒரு உசுரு உள்ள இருக்கக்கூடாது. எல்லாருக்கும் சொல்லியாச்சுங்களா?"

"குரூப்புல போட்டிருக்கேன்" என்றேன். அது பொய்யன்று.

காவலாளிதான் தலையைச் சொறிந்தார். "தையல்கார அக்கா எறங்கி வந்த மாதிரி தெரியலயே சார். ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?"

"அவங்க காலையிலயே போயாச்சு. நீ போய் வாசல் கேட்டப் பாரு."

இதுவொன்று பொய். ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் காலியாயிற்றா எனக் கடைசியாகப் பார்த்துவரும் பொறுப்பு என்னுடையது. முதல் மாடிக்கு ஏறினேன். அவர் வீட்டுக்குள் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே யாருடனோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அது என்னைக் குறித்த சிரிப்பு என்று அப்போது எண்ணினேன். அப்படியன்று என்று இப்போது தோன்றுகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படியிறங்கி, "காலி, ஆரம்பிக்கலாம்" என்று மருந்து வைப்பவரிடம் சொன்னேன்.

ஐயா, வாக்குமூலத்தில் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். மாலையில் மற்றவரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார்கள். மேலே சென்று, விதியையும் பாராமல் அக்கதவை முதன்முதலில் தட்டியவன் நான்தான். நெடுநேரம் தட்டினேன். அதையும் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள்.