முத்திரை உடையாமல் குறைந்த எண்ணெய்

பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் என் வீட்டிலேயே ஆளைத் தெரியாது, ‘கிரீஸ்’ என்றால்தான் தெரியும் என்பதால் அதையும் சேர்த்துப் போடச் சொன்னேன். வயது ஐம்பது இருக்கும். ரைட்டர் ஐயா என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதியிருக்கிறார், இருக்கட்டும். மாவு மில்லுக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள வாடகை வீட்டில் மனைவியோடு குடியிருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே. காண்டிராக்டர் முதலாளியிடம் மெக்கானிக்காக இருக்கிறேன். அவருடைய பழைய புல்டோசரில் ஹைட்ராலிக் வேலை, அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் முன்பக்க இரும்புத் தகடான பிளேடைத் தூக்கி இறக்கும் பம்பு, குழாய், ஜாக்கி எல்லாம் என் பொறுப்பு. இஞ்சின் என் பொறுப்பு அல்ல. அது வண்டியை ஓட்டும் என் தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளையின் பொறுப்பு. அவர்தான் இப்போது லாக்கப்பில் இருக்கிறார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை போலீஸ் வந்தபோது என் வலது கை தோள் வரைக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டிக்குள் மாட்டியிருந்தது. எண்ணெய் ஊற்றும்போது வடிகட்டி உள்ளே விழுந்துவிட்டது, எடுக்கலாம் என்று கையை விட்டேன், போன கை திரும்பி வரவில்லை. நான் தப்பி ஓட முயன்றதாகக் கான்ஸ்டபிள் ஐயா எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். புல்டோசரைத் தோளில் மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு பெண் காவலர் ஒருவர் சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்ததில் கை வந்தது, வீங்கியும் வந்தது. வடிகட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், கொஞ்ச காலமாகவே அந்தத் தொட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. காலையில் நிறைய ஊற்றுவேன், சாயந்திரம் பார்த்தால் இறங்கியிருக்கும். குழாய் வெடித்தால் தரையெல்லாம் எண்ணெயாகும், இங்கே தரை நக்கிவிட்டது போலக் காய்ந்து கிடந்தது. நான் குழாய்களை மாற்றினேன், அதன் பிறகு ஜாக்கிகளைக் கழற்றி ரப்பர் சீல்களை மாற்றினேன், அதன் பிறகும் குறைந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகில் சரளைக்கல் அச்சு விழுந்ததுதான் மிச்சம்.

அதன் பிறகு ஒரு நாள் முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார். “டேய் கிரீஸு, ஊத்துற எண்ணெய் எல்லாம் எங்கடா போகுது?” என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “என் மாப்பிள்ளை குடிக்கிறாரு முதலாளி, மீசையப் பாருங்க, என்னா பளபளப்பு!” என்றேன். வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர் ஆள் அனுப்பி என் தங்கை வீட்டில் பார்க்கச் சொன்னதில், கொல்லைப்புறத்தில் டின் டின்னாக எண்ணெய் இருந்தது. அதைக் கொண்டுதான் திருட்டு என்று புகார் கொடுத்தார். நான் சொன்னது தமாஷ் என்று இன்றைக்கு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அதனால் இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் மாப்பிள்ளையும் நானும் ஒரே வண்டியில் வேலை செய்தாலும் பேசிக்கொள்வதில்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் அவர் மீசைக்குப் பூசிய மை வியர்வையில் வழிந்து தாடைக்கு வந்ததை நான்தான் சபையில் சத்தமாகச் சொன்னேன். அதிலிருந்து எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டியைப் பார்த்துச் சொல்வார், நானும் வண்டிக்கே பதில் சொல்வேன்.

என் கையை விடுவித்த பிறகு, இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையிலேயே தொட்டியைக் கோடு வரை நிரப்பினேன். அவர் தொட்டியின் பக்கத்திலுள்ள அளவுக் கண்ணாடியில் பார்த்து, மூடியில் நூல் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். அதன் பிறகு பிளேடுக்கு அடியில் நான் வைத்திருந்த மரக்கட்டையையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். அது சாட்சி இல்லை, முட்டு. வால்வு தேய்ந்த வண்டி, இஞ்சினை நிறுத்தினால் பிளேடு நிழல் நகர்கிற மாதிரி மெதுவாக இறங்கும், அதற்காக வைத்த கட்டை என்று சொன்னேன். அதற்கும் அரக்கு வைத்தார்கள்.

அதன் பிறகு மாப்பிள்ளையே வண்டியை ரோட்டைக் கிழித்துக்கொண்டு ஸ்டேஷன் வளாகத்துக்கு ஓட்டி வந்தார். பிளேடு தண்ணீர்க் குழாயடிக்குப் போகும் வழியை மறிக்கிறது, தூக்கி நிறுத்து என்று உத்தரவானது. அவர் தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைத்ததும் அவரை உள்ளே போட்டார்கள். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா தமது புது பைக்கின் சீட் வெயிலில் சுடக் கூடாதென்று, பின்பக்கமாகத் தள்ளிப் பிளேடுக்கு அடியில் நிழலில் நிறுத்தினார். பைக்கை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

அதன் பிறகு என் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா அண்ணே? உன் வாய்க்கு எந்த முத்திரையும் வைக்கலையா இவங்க?” என்றாள். அதன் பிறகு கம்பிக்குள் இருந்தவரிடம், அவ்வளவு எண்ணெய் ஏது என்று சண்டை போட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, “எல்லாம் இஞ்சின்ல வடிச்சது. தினம் அளவுக்கு மேல ஏறிக் கிடக்கு. யாரோ என்னை மட்டம் தட்ட ராத்திரியில ஊத்திட்டுப் போறாங்க. நான் கேக்கல, மானம் இருக்கு” என்றார். யாரோ என்றது என்னை.

“எனக்கு வேற பொழப்பு இல்லையா? இங்க தொட்டியில இறங்குதுன்னு நான் சாகிறேன்!” என்று நானும் அதே சுவரிடம் சொன்னேன்.

என் தங்கை தூக்கைக் கீழே வைத்தாள். “உங்களுதுல ஏறுது, உன்னுதுல இறங்குது. ரெண்டும் ஒரே வண்டி. நடுவுல ஓட்டை எங்கேன்னு பாக்க நான் வரணுமா?” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. ஹைட்ராலிக் பம்பு இஞ்சினின் பல்சக்கரத்தோடு பூட்டியிருக்கிறது. நடுவில் உள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, நேராக இஞ்சினுக்குள் போகும். மற்ற சீல்களையெல்லாம் மாற்றிய நான் அதை மட்டும் தொடவில்லை. அதைத் தொட இஞ்சின்காரரிடம் பேச வேண்டும்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயாவையும் ரைட்டர் ஐயாவையும் வண்டிக்கு அழைத்துப் போனேன். மூடியில் அரக்கு அப்படியே இருந்தது. பிளேடைத் தூக்க ஜாக்கிக்குள் போன எண்ணெயைக் கழித்தாலும் கண்ணாடியில் எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது. காலையில் மாப்பிள்ளை கோடு வரை வடித்து வைத்த இஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை விட்டுப் பார்த்தால் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. “உங்க முத்திரை உடையல, எண்ணெய் குறைஞ்சிருக்கு. லாக்கப்புல இருந்துக்கிட்டே எப்படிங்கய்யா திருடுவாரு?” என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா கம்பியைத் துடைத்துத் திரும்பவும் விட்டுப் பார்த்தார். அதன் பிறகு, விஷயம் புரிகிறது, ஆனாலும் விடுதலையை நாளைக்குப் பார்க்கலாம், இப்போது லாக்கப்பைத் திறக்க அவசரக் காரணம் எதுவும் இல்லை என்றார். என் தங்கை தூக்கின் மூடியை இறுக்கினாள். பைக்கைப் பற்றி நான் மறுபடி சொன்னேன். உள்ளே வந்து வாக்குமூலத்தைக் கொடு என்றார்கள்.

ரைட்டர் ஐயா எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் வாயால் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றைத் தவிர அனைத்தும் உண்மை. மேலே பைக்கைப் பிளேடுக்கு அடியில் நிறுத்தியதாகச் சொன்னேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது, எல்லோரும் போய்ப் பார்த்தோம், இப்போது பைக் படுத்திருக்கிறது. என் வலது கை வீக்கத்தால் லீவரைப் பிடிக்க முடியாத நிலையில், பிளேடைத் தூக்குவதற்காக என் மாப்பிள்ளையை லாக்கப்பிலிருந்து வெளியே விட்டார்கள். கட்டை சாட்சிப் பொருள் அறையில் பத்திரமாக இருக்கிறது.

(இடது கைப் பெருவிரல் ரேகை)