வாஸ்லைன் தடவாத பாதி

அட, அந்த சேர் வேணாம் சார், ரெசின் சிந்தியிருக்கு, சட்டை போச்சுன்னா என்னைத் திட்டுவீங்க. இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க. போனை உள்ள வெச்சுக்கிறீங்களா? தப்பா நினைக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லலை. இப்பல்லாம் இந்தப் பட்டறைக்குள்ள யார் போன் எடுத்தாலும் உள்ள வைக்கச் சொல்லிடறேன்.

மோல்டு, அதான் இந்த அச்சு, எப்படிப் போடறாங்கன்னு பார்த்ததே இல்லைன்னீங்கல்ல? அதான் பேசிக்கிட்டே ஒண்ணு போட்டுக் காட்டலாம்னு. இந்த பொம்மை ரயில் எஞ்சின் பாடி இருக்கே, இதான் மாஸ்டர், மத்ததெல்லாம் இதோட நகல். மாசக்கணக்கா உக்காந்து இழைச்சது. இதைப் பாதி வரைக்கும் களிமண்ணுல புதைச்சு, மேல சிலிக்கான் ரப்பரை ஊத்தி நேத்தே காய வெச்சுட்டேன். இப்போ கவுத்துப் போட்டு, களிமண்ணை எடுத்தாச்சு. ஓரத்துல குழி குழியா தெரியுதா? ரெண்டு பாதியும் நகராம பிடிச்சுக்கத்தான் அது. இனி இந்தப் பக்கம் ஊத்தினா அடுத்த பாதி ரெடி. அப்புறம் மாஸ்டரை எடுத்துட்டு, ரெண்டையும் சேர்த்துக் கட்டி உள்ள ரெசினை ஊத்தினா, அது இறுகி இதே மாதிரி பாடி வந்துடும்.

கலக்கற வேலையெல்லாம் என் மச்சானோடது. பொண்டாட்டியோட தம்பி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க கூடத்தான் இருந்தான். இப்ப இல்ல. துரத்திட்டேன். ஏனா? உங்களுக்குத் தெரியாதா? கடைத்தெரு பூரா சிரிச்சுதே!

என் நீராவி எஞ்சினை எவனோ காப்பி அடிச்சுப் பாதி விலைக்கு விக்கறான் சார். ஒண்ணு வாங்கிப் பார்த்தேன். புகைபோக்கிக்குக் கீழ கடுகு சைஸ்ல ஒரு பரு. பார்த்ததும் எனக்கு உசுரே இல்ல. அது என்னோட பரு! முதல் மோல்டுல அவசரமா ஊத்திட்டேன், காத்துக் குமிழி ஒண்ணு மாட்டிக்கிச்சு. அந்தப் பொந்துக்குள்ள ரெசின் போனா பருவாத்தானே வரும்? ஒரே ஒரு பாடி எடுத்ததோட, மோல்டை மச்சான் கையில குடுத்து வெட்டிப் போட்டுடுடான்னுட்டேன். அப்போ பரு எப்படி சந்தைக்கு வந்துச்சு? பய வெட்டலை, வித்துட்டான். வேற என்ன நினைக்கச் சொல்றீங்க? அவன் அழுதான், அக்கா மேல சத்தியம் பண்ணினான். நான் காதுலயே வாங்கலை. வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன்.

சரி விடுங்க. சிலிக்கான் கலந்தாச்சு. ஊத்திடலாமா?

என்ன சார், ஏன் எந்திரிச்சுட்டீங்க? என்னது, வாஸ்லைனா?

ஆமா, தடவலை. சிலிக்கான் வேற எதுலயும் ஒட்டாது, இன்னொரு சிலிக்கானைக் கண்டா மட்டும் விடவே விடாது. நடுவுல வாஸ்லைன் தடவாம ஊத்தினா ரெண்டு பாதியும் ஒரே கட்டி, உள்ள மாஸ்டருக்கு சமாதி. அது சரி, இதெல்லாம் மோல்டு போட்டுக் கையைச் சுட்டுக்கிட்டவனுக்குத் தெரியும். பார்த்ததே இல்லாத மனுஷனுக்கு ஏன் இப்படிப் பதறுது?

யூடியூப்லயா? ஓஹோ. சரி, அப்படியே வெச்சுக்குவோம். உக்காருங்க, கதவு திறந்துதான் இருக்கு.

மச்சான் போனப்புறம் திருட்டு எஞ்சினையும் என்னோடதையும் பக்கத்துல வெச்சு அளந்து பார்த்தேன். திருட்டு எஞ்சின் ஒரு நகக்கனம் குட்டை. என் மோல்டுல ஊத்தியிருந்தா என் அளவுல வந்திருக்கணுமா இல்லையா? குட்டையா இருக்குன்னா, ரெடியான பாடியை வெச்சு எவனோ புதுசா மோல்டு எடுத்திருக்கான். ஒவ்வொரு தடவையும் துளி சுருங்கும்ல. மோல்டே கையில இருந்தவன் எதுக்கு சார் அந்தப் பாடு படணும்? மச்சான் பாவம், சொன்ன மாதிரியே வெட்டித்தான் போட்டிருக்கான்.

பரு வெச்ச பாடி இந்த உலகத்துலயே ஒண்ணுதான். அவசரமா சாம்பிள் வேணும், பரு இருந்தா பரவால்லைன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனது யாரு? என்ன சார், தரையில என்ன தேடறீங்க? உங்க மேல எனக்கு துளி சந்தேகம் வரலை பாருங்க! வெளியாளை நம்பினேன், வீட்டுப் புள்ளையைத் திருடன்னேன். என்னைச் செருப்பாலதான் அடிக்கணும்.

ஐயோ, போலீஸெல்லாம் இல்ல. பர்ஸை உள்ள வைங்க, உங்க காசு யாருக்கு வேணும்? வித்துட்டுப் போங்க. கையைக் கழுவிட்டு வந்துடறேன், என் கூட அடுத்த தெரு வரைக்கும் வரணும், அவ்வளவுதான். மச்சான் அங்கதான் ரூம் எடுத்திருக்கான். நான்தான் காப்பி எடுத்தேன், அவன் இல்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அவன்கிட்ட இல்ல சார். நான் போய்க் கையைப் பிடிச்சதுமே அவன் சரி மாமான்னுட்டான், மனசு அப்படி. அவன் அக்காகிட்ட, என் பொண்டாட்டிகிட்ட. அன்னிக்கே அவன் பின்னாடியே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. எத்தனை தடவை போய் நின்னாலும், நான் வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதான் இப்படிச் சொல்றீங்க, உள்ளுக்குள்ள இன்னும் என் தம்பியைத் திருடன்னுதான் நினைக்கறீங்கன்னு கதவையே திறக்க மாட்டேங்கறா. நீங்க முதல்ல பேசிடுங்க சார்.