மூன்றாம் வகுப்பைத் தெருவுக்கு அழைத்துச் சென்ற இருசப்பன் ஐயாவுக்கு

அண்ணாமலையின் அடிவாரத்தில் அகரத்தோடு அன்பையும் அள்ளித் தந்த ஆசிரியப் பெருந்தகையீர்! கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே கால் ஓயாது நடந்த கல்வித் தொண்டரே! எட்டு வயதுப் பிள்ளையின் எந்தக் கேள்விக்கும் எரிச்சல் காட்டாத எங்கள் மூத்தவரே! இருபத்தெட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் இருபத்தெட்டுப் பக்கமும் திரும்பிய எங்கள் இருசப்பன் ஐயா அவர்களே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கான இந்த மடலை எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியர் தங்கம்மாள் அவர்கள் இரண்டாம் வகுப்பு ஆசிரியையான வேதாவாகிய என்னிடம் ஒப்படைத்தார். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன். பண்பே, பணிவே, பாசமே என்று சொற்கள் வரிசையாக வந்து நின்றன, மனம்தான் நிற்கவில்லை. எட்டு மாதங்களாக உள்ளே கிடந்து உறுத்துவதை விட்டுவிட்டு உங்களை எப்படிப் பாராட்டுவது? ஆகவே, நடந்ததை நடந்தபடியே இந்த அவையில் படிக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுப் பணி உங்களுடையது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பதினைந்து ஆண்டுகள். கிரிவலப்பாதையை ஒட்டிய இந்தத் தொடக்கப்பள்ளியில் பதினேழு ஆண்டுகள். உங்கள் வகுப்பில் எழுத்துகள் பலகையில் இருந்ததில்லை. பிள்ளைகளின் நெஞ்சில் அட்டைகளாகத் தொங்கின. ஒருவன் 'ப'வாக நிற்பான், ஒருத்தி துணைக்காலாக ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள், மெய்யெழுத்தின் புள்ளியாக யார் நிற்பது என்று அடிதடியே நடக்கும். எடை என்றால் தராசில் வேர்க்கடலை. பாடம் முடியும்போது கடலையும் முடிந்திருக்கும். அந்தக் கூச்சலில் பக்கத்து அறையில் எனக்குத் தலை வலித்த நாள்கள் உண்டு. "கொஞ்சம் உக்கார வைங்களேன் சார்" என்று ஒருநாள் கேட்டேன். "உக்கார முடியாத புள்ளைய உக்கார வெச்சி இன்னா டீச்சர் கத்துக்கொடுக்கப் போறோம்?" என்றீர்கள்.

அப்படி உட்கார முடியாத பிள்ளைதான் உண்ணாமலை. அவள் தாய் ஆராயி, பேருந்து நிலையம் அருகே ஒரு லாட்ஜில் அறைகளைத் துப்புரவு செய்பவர். ஜூன் மாதம் உங்கள் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு நிமிடம் பெஞ்சில் இருப்பாள், மறு நிமிடம் சன்னலில். நீங்கள் அவளை நடக்கவிட்டே எண்ண வைத்தீர்கள். வாசலிலிருந்து குழாய் வரை, குழாயிலிருந்து வேப்பமரம் வரை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆயிரத்தைத் தொட்டுவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நீளம் அளக்கும் பாடம். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்துப் பள்ளித் தெருவுக்கு அழைத்துச் சென்றீர்கள். ஒரு குழு முழத்தால் அளந்தது, ஒரு குழு கயிற்றால் அளந்தது, ஒரு குழு காலடியால். காலடிக் குழுவின் தலைவி உண்ணாமலை. "ரோடு முடியற வரைக்கும் எண்ணிக்கினே போ, நடுவுல நிறுத்தாத" என்று அவளிடம் சொன்னீர்கள். தெருமுனையைத்தான் சொன்னீர்கள். ஆனால் எங்கள் தெரு போய்ச் சேர்வது கிரிவலப்பாதையில். அந்தப் பாதையோ மலையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருவது. அதற்கு முடிவு ஏது? அவளுடைய குழுவினர் முனையிலேயே திரும்பிவிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

பள்ளிக்குள் வந்து தலைகளை எண்ணினீர்கள். இருபத்தேழு. மறுபடி எண்ணினீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். கழிப்பறை, சமையற்கூடம், பின்பக்கச் சுவர், எல்லா இடத்திலும் ஓடித் தேடினோம். "அவ போயிக்கினே இருந்தா சார்" என்று ஒரு பிள்ளை கையை நீட்டிக் காட்டியதும் தலைமையாசிரியர் ஸ்கூட்டரை எடுத்தார். நீங்கள் பின்னால் ஏறினீர்கள். போகும் வழியெல்லாம் "டீச்சர், சீக்கிரம், டீச்சர், மெதுவா, வுட்டுடப் போறோம்" என்று இரண்டையும் மாறி மாறிச் சொன்னீர்களாம். ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டீர்களாம்.

ஒன்றேகால் கிலோமீட்டர் தாண்டி, ஓர் இளநீர் வண்டியின் அருகே, பாதையின் ஓரமாக அவள் நடந்துகொண்டிருந்தாள். வண்டி நிற்பதற்குள் குதித்தீர்கள். கையைப் பிடிக்கப் போனபோது அவள் விலகிக்கொண்டு, "பேசாதீங்க சார், மறந்துடுவேன்" என்றாள். மூடிய உள்ளங்கையில் இரண்டு கூழாங்கற்கள். ஆயிரத்துக்கு மேல் எண்ணத் தெரியாததால், ஆயிரம் முடியும்போதெல்லாம் ஒரு கல்லைப் பொறுக்கி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

"எங்க கண்ணு நிறுத்தலாம்?" என்று கேட்டீர்கள்.

"எழுநூறு வந்ததும்."

அறுநூற்று நாற்பதில் இருந்தாள். மீதி அறுபது காலடியையும் அவளோடு நடந்தீர்கள். அவள் எண்ண, நீங்கள் வாய் திறவாமல் அழுதுகொண்டே நடந்ததை ஸ்கூட்டரைத் தள்ளியபடி பின்னால் வந்த தலைமையாசிரியர் பார்த்திருக்கிறார். எழுநூறு வந்ததும் சாலையோரத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அன்று மாலை உங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் நாங்கள்தான். "பொண்ணு கெடச்சிடுச்சி சார். வெளிய யாருக்கும் தெரியாது. இன்னும் எட்டு மாசந்தான், நிம்மதியா முடிச்சிக்கினு போங்க" என்றார் தலைமையாசிரியர். நானும் தலையாட்டினேன்.

"இல்லீங்க டீச்சர். ராத்திரி அந்தப் பாப்பா வூட்ல சொல்லும். அது சொல்றதுக்கு முன்னாடி நான் போய்ச் சொல்லணும்" என்று கிளம்பிவிட்டீர்கள். மனம் கேட்காமல் தலைமையாசிரியரும் உடன் வந்தார்.

லாட்ஜ் வாசலில் ஐந்து மணி வரை நின்றீர்கள். வேலை முடிந்து வந்த ஆராயியிடம் ஒன்று விடாமல் சொன்னீர்கள். அவர் குரல் தெருவையே நிறுத்தியது. "எம்பொண்ண ரோட்ல வுட்டுட்டு எங்கிட்டயே வந்து சொல்ற. எதுனா ஆயிருந்தா இன்னா சார் பண்ணியிருப்ப?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து உண்ணாமலை பள்ளிக்கு வரவில்லை. காலையில் வருகைப்பதிவேட்டில் அவள் பெயரை வாசித்துவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும், வாசலைப் பார்ப்பீர்கள். மதியம் அவள் தட்டு எடுக்கப்படாமல் இருக்கும். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் பல காலம் வேண்டிக்கொண்ட அதே அமைதி. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

கல்வி அலுவலகத்துக்கும் நீங்களே தெரிவித்தீர்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நீங்கள் கையால் எழுதிய பதிலைக் கணினியில் தட்டச்சு செய்தவள் நான். அதில் ஒரு வரி: 'துணைக்கு வேறு ஆசிரியர் எவரையும் நான் அழைக்கவில்லை; அது என் தவறு.'

அந்த வரி உண்மையில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் வகுப்பு வாசலில் நின்று, "வேதாம்மா, புள்ளைங்களோட அரை மணி நேரம் கூட வரீங்களா?" என்று கேட்டீர்கள். "மார்க்க ஆப்ல ஏத்தணும் சார், இன்னிக்கிதான் கடைசி நாள்" என்றேன். திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த வரியில் என் விரல் நின்றது. உங்களைப் பார்த்தேன். "அப்படியே அடிங்கம்மா" என்றீர்கள். அடித்துவிட்டேன்.

ஐயா, வழியில் தலைகளை எண்ணாதது உங்கள் தவறு. பாராட்டு மடல் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன், மறைத்தால் உங்களுக்கும் பிடிக்காது. ஆனால் அழைத்தும் வராதது என் தவறு. இந்த மடல் சட்டமிடப்பட்டு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. அதில் இதுவும் இருக்கட்டும்.

இனி இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லக் கூடாது என்று எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வாங்கிக்கொண்டீர்கள். உண்ணாமலை வராமல் போன பதினோராவது நாள் காலை, மகளைக் கையில் பிடித்தபடி ஆராயி உங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"இது வூட்ல ஒரு எடத்துல குந்த மாட்டேங்குது சார். லாட்ஜுக்கு இட்டும்போனா படிக்கட்ட எண்ணுது, ஜன்னல எண்ணுது. அன்னிக்கி நான் ஜாஸ்தி பேசிட்டேன். ஆனா பேசுனது தப்பில்ல."

"தப்பில்லம்மா."

"இனிமே வெளிய இட்டும்போற அன்னிக்கிச் சொல்லு. வியாழக்கிழமை எனக்கு லீவு. நான் பின்னாடி வரேன்."

சொன்னபடியே வந்தார். நவம்பர் முதல் மார்ச் வரை ஒன்பது வியாழக்கிழமைகள் மூன்றாம் வகுப்பு வெளியே போனது. முன்னால் நீங்கள், பின்னால் ஆராயி. வேங்கிக்கால் ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்து எழுதினார்கள். கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து ஒரு மளிகைக்கடைக்காரரைப் பலகையையே மாற்ற வைத்தார்கள். உண்ணாமலை இப்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டாள்.

உங்கள் இடத்துக்கு யார் வருவார் என்ற செய்தி இன்றுவரை இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும், வேறொருவர் வரும்வரை, என் இரண்டாம் வகுப்பிலிருந்து தேறிய பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பையும் நானே நடத்தப்போகிறேன். முதல் வியாழக்கிழமையே அவர்களை வெளியே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். ஆராயி வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அஞ்சாத நெஞ்சமும் ஆறாத அக்கறையும் கொண்ட ஆசானே! மூட்டு வலியின்றி, மருந்துச் சீட்டின்றி, மனைவி மக்களோடு மகிழ்ந்து, பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகிப் பணி ஓய்வு பெறுவதையும் பார்க்கும் அளவுக்கு நெடுங்காலம் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதுவே எங்கள் எல்லோருடைய விருப்பமும்.

அந்த வியாழக்கிழமை நீங்கள் பள்ளிப்பக்கம் வர வேண்டாம் ஐயா. உங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது என்று தெரியும். எனக்கும் அப்படித்தான் இருக்கும். கடைசிப் பிள்ளை பள்ளி கேட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலையாக உங்களுக்குப் போன் செய்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
தலைமையாசிரியர் தங்கம்மாள், ஆசிரியர்கள் வேதா, புகழேந்தி,
சமையற்கூடப் பணியாளர்கள்,
அவர்களோடு, எல்லோருக்கும் கீழே தானே கையெழுத்திட்ட மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய் ஆராயி.