எர்ரகட்டா என்று நான் எழுதிய பெயர்ப்பலகை

பஞ்சு வணிகம் செய்தாலும் நெஞ்சில் பூ வளர்க்கும் விழாத் தலைவர் சங்கரலிங்கம் அவர்களே! மண் சுமந்து, தொட்டி சுமந்து, இந்த மாலையில் என் பேச்சையும் சுமக்க வந்திருக்கும் ராஜபாளையம் வீட்டுத்தோட்டச் சங்கத்துப் பெரியவர்களே! அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துவிட்ட முன்யோசனைக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வைகுண்டராஜின் வணக்கம்.

இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மலர்க்காட்சியில் எனக்குக் "கிழங்குச் செம்மல்" என்று பட்டம் தரப்போவதாக அச்சிட்டிருக்கிறீர்கள். பொன்னாடை மேசைமேல் இருக்கிறது. தயவுசெய்து பிரிக்கவேண்டாம். பிரித்தால் திரும்ப மடிப்பது சிரமம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

மண்ணுக்குள் மறைந்து, மாதக்கணக்கில் மௌனித்து, மழைமணம் கண்டதும் மலரும் மாயமல்லவா பூக்கிழங்கு! தளிர்விடும் முன்பே இது செங்காந்தள் என்று சொல்பவர் யார்? இலையுதிர்ந்து கிடக்கையில் நரிவெங்காயத்தையும் நல்ல வெங்காயத்தையும் பிரித்தறிபவர் யார்? நான்தான் என்று நீங்கள் நம்பினீர்கள். உங்களைவிட உறுதியாக நான் நம்பினேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் காட்சிக்கு இவ்வூர் அம்மையார் ஒருவர் ஒரு தொட்டி கொண்டுவந்தார். இலை ஒன்றுகூட இல்லை. மொட்டைத் தண்டின் உச்சியில் பந்துபோல ஒரு சிவப்புப் பூ. நடுவரும் பெயர்ப்பலகை எழுதுபவருமான நான் பெயர் கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசும் அவர், "எர்ரகட்டங்க" என்றார். நான் ஒரு துணைக்காலைச் சேர்த்து "எர்ரகட்டா" என்று பலகையில் எழுதினேன். நீட்டினால் லத்தீன் ஆகிவிடும் என்பது என் எண்ணம். தாயகம் ஆப்பிரிக்கா என்றும் நானாகவே எழுதினேன். பின்னால் விசாரித்ததில் அது மட்டும் சரியாக இருந்தது.

கைதட்டாதீர்கள். இனிமேல்தான் குற்றம் வருகிறது.

மறு ஆண்டு, வத்திராயிருப்பில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் பரிபூரணம் அம்மாள், இரண்டு பஸ் மாறி, மடியில் தொட்டி ஏந்தி வந்தார். அதே பூ. இவர் பூ இன்னும் பெரியது. சீட்டில் "சிவப்புக் கிழங்கு" என்று எழுதியிருந்தார்.

"அம்மா, இதன் பெயர் எர்ரகட்டா. சிவப்புக் கிழங்கு என்று உலகத்தில் எதுவும் இல்லை" என்றேன்.

"பூவும் செவப்பு, அடியில கெடக்கதும் கிழங்கு. வேற என்னன்னு எழுதச் சொல்லுதீக?"

பெயர் தவறினால் போட்டியில் இடமில்லை என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். இத்தனை பேர் பார்க்க அவரைத் திருப்பி அனுப்பினேன். பஸ் நெரிசலில் தண்டு ஒடிந்தது. வருடத்துக்கு ஒரு பூ, ஒரு வாரம் நிற்கும் பூ. அதன்பிறகு அவர் நம் காட்சிக்கு வரவில்லை.

போன மாதம் இவ்வூர்க் காய்கறிக் கடையில் நிற்கிறேன். ஒரு பெண் "எர்ரகட்ட அரைக் கிலோ" என்றார். கடைக்காரர் வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தார். எனக்குத் தராசு ஆடியதா, தரை ஆடியதா தெரியவில்லை. "அதற்கு என்ன பொருள்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"தெலுங்குல செவப்புக் கிழங்குன்னு அர்த்தம் சார். எங்க வீடுகள்ல வெங்காயத்துக்குச் சொல்லுவோம்."

சிரியுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்குதான்; நான்கு வருடமாக நீங்கள் அடக்கிவைத்த சிரிப்பு, இனியும் அடக்கினால் உடம்புக்கு ஆகாது. ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? என்ன, கடைசி வரிசையில்? சத்தமாகச் சொல்லுங்கள். "சார் படிச்சவரு, வெளிநாட்டு எர்ரகட்டாவா இருக்கும்னு நெனச்சோம்" என்கிறார். நன்றி ஐயா. இந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் அம்மையார் வீட்டுத் தொட்டிகளிலிருந்து பிரித்துப் பதினெட்டு வீடுகளுக்குக் கிழங்கு கொடுத்தோமே, ஒன்றாவது இருக்கிறதா? "தினமும் தண்ணீர் ஊற்றவும்" என்றேன். பக்தியோடு ஊற்றினீர்கள். பதினெட்டும் அழுகின. தலைவர் வீட்டில் இரண்டு வேளையும் ஊற்றியதால் முதலில் அழுகியது.

போன வாரம் வத்திராயிருப்புக்குப் போனேன். உடைந்த மண்பானைகளில் ஏழு பூக்கள், ஏழும் சிவப்பு. தலைகுனிந்து நின்றேன். பரிபூரணம் அம்மாள் சொன்னார்: "பேரு என்னன்னு மட்டுந்தான் கேட்டீக. எப்படி வளத்தேன்னு ஒருத்தரும் கேக்கல." கேட்டேன். "கார்த்திகையில இலை பழுக்கும். அதோட தண்ணிய நிப்பாட்டிரணும். செத்துப்போச்சுன்னு தூக்கி எறியக் கூடாது. பொழைக்கட்டும்னு ஊத்தவுங் கூடாது. கோடை மழை வார வரைக்கும் சும்மா விடணும். சும்மா விடுறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தரவில்லை. "அன்னைக்கு ஒடிஞ்ச பூவ மடியில வச்சு வீடு வரைக்கும் அழுதேன். அம்புட்டுப் பேருக்கு முன்னாலதான திருப்பி அனுப்புனீக? இங்க வந்து தனியாக் கேட்டா எப்படி?"

ஆகவே இங்கே கேட்கிறேன். என் அழைப்பை ஏற்று வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பரிபூரணம் அம்மா! அறியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்; அறிந்ததாக நினைத்துச் செய்தேன். பெயரைப் பார்த்தேன், பூவைப் பார்க்கவில்லை. விதியைப் பார்த்தேன், உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்படுகிறேன். என்னை மன்னியுங்கள்.

தலையசைக்கிறார். "சரி, உக்காருங்க" என்கிறார். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்.

எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அது அவருடையது. அம்மா, மேடைக்கு வாருங்கள். ஒலிபெருக்கிக்காரரே, மைக்கை அவர் உயரத்துக்கு இறக்குங்கள். நான் முதல் வரிசையில் நோட்டோடு உட்காரப்போகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, உங்களிடம் பேனா இருக்கிறதா?