கடைசியாகக் கட்ட வேண்டிய பட்டை

ஈயம் உருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஐயா. இது தெரியாமல் எத்தனையோ பேர் இருமிக்கொண்டு திரிகிறார்கள். துறைமுகப் பட்டறையில் இருபது வருடமாக, கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்யும் டைவர்களுக்கு இடுப்புப் பட்டையும் அதில் கோக்கிற ஈயக் கட்டிகளும் செய்து கொடுப்பது நான்தான். அந்தப் பாரம் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட சூரனும் தக்கை மாதிரி மிதப்பான்.

எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், அப்படி ஒரு சூரன். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவது அவர் வேலை. முடித்ததும் மெதுவாக ஏறி வரலாம். துரைக்கு அது பொறுக்காது. சிலிண்டரில் காற்று தீரும்வரை கீழேயே இருந்துவிட்டு, பட்டையின் கொக்கியைத் தட்டிவிட்டு, விருட்டென்று மேலே வந்து பல்லைக் காட்டுவார். ஆபத்துக்கென்று வைத்த கொக்கி அது. பட்டை சேற்றில் புதைந்து போகும். நான் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

ஒரே வருடத்தில் ஒன்பது பட்டை. பதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஈயந்தானே மச்சான். ஒங்களுக்கு வேற என்ன வேலை, இன்னொண்ணு ஊத்துங்க" என்றார். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கையிடம் சொன்னால், அவர் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று அவளும் சிரித்தாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தன் பட்டையைத் தானே கட்டிக்கொள்ளவும் அவருக்குத் துப்பில்லை. சட்டைக்கு அளவு கொடுப்பவர் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் கட்டிவிட வேண்டும். அதில் ஒரே ஒரு விதிதான். சிலிண்டரின் வார்களை முதலில் மாட்டி, பட்டையை எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் கொக்கியைத் தட்டியதும் நழுவி விழும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பட்டையை முதலில் கட்டினேன். சிலிண்டர் வார்களில் கால்களுக்கு நடுவே வரும் வாரை அதன்மேல் இழுத்து இறுக்கினேன். வழக்கமாக எட்டுக் கட்டி, அன்று பன்னிரண்டு. புது ரப்பர் உடுப்பு அதிகம் மிதக்கும் என்றேன். மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

மற்றவர்கள் கப்பலின் மறுபக்கம் இறங்கியிருந்தார்கள். நான் படகின் விளிம்பில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஒழுங்காக வந்தன. பிறகு தாறுமாறாக வந்தன. கொக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார். என் காலடியில் நிரப்பிய சிலிண்டர் ஒன்று இருந்தது, எனக்கு நன்றாக நீந்தவும் தெரியும். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் குடித்தேன்.

தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "நீ என்னண்ணே பண்ணுவே" என்றாள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்காக நான் காவல் நிலையத்துக்கு வரவில்லை. உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'பட்டை கட்டியவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று, நாற்காலியைவிட்டு எழாத யாரோ ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். இருபது வருடத்தில் நான் ஒரு பட்டையைக்கூடக் கவனமில்லாமல் கட்டியதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, வேண்டுமென்றே கொன்றான் என்று எழுதுங்கள். தொழிலில் எனக்கென்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது.